வசந்தத்தில் நண்பர்களோடு மலையில் ஓர் இரவு: எந்த வடிவப் பாதையைத் தேர்வது?

நண்பர்கள் நாலைந்து பேர் முதுகுப்பையோடு மலையேறி, ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் இறங்குவது என்று முடிவாகிவிட்டது. தேதியும் குறித்தாயிற்று. அதன் பிறகு பேச்சு முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தப் பாதை? போன வழியிலேயே திரும்புவது அலுப்பு என்கிறார் ஒருவர். கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் இதுவரை சுமையோடு நடந்ததே இல்லை. அவரைக் கேட்டால், "எனக்கு எதுவானாலும் சரி" என்கிறார். இந்தக் கட்டுரையை முக்கியமாக அந்த மூன்றாமவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கூடாரம், தூக்கப்பை, அடுப்பு ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். பாதையின் வடிவத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. நடுக்கோடையில் அது பெரும்பாலும் ரசனையைச் சார்ந்த விஷயம். பனி உருகி ஓடைகள் பெருகும் வசந்தத்தில் நிலைமை வேறு. பயணம் இனிமையாக முடியுமா, பதற்றத்தில் முடியுமா என்பதை அப்போது வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது.

நம் முன்னால் நான்கு வடிவங்கள் இருக்கின்றன: போன வழியே திரும்புவது, வட்டமாகச் சுற்றி வருவது, ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிப்பது, ஓரிடத்தில் முகாம் அடித்துச் சுற்றுவட்டாரத்தை நடந்து பார்ப்பது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், திரும்புவது எவ்வளவு எளிது என்பது. குதிகாலில் கொப்புளம் வந்தவர் அதைச் சொல்லத் தயங்குவார். தன்னால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். "இங்கேயே தங்கிவிடலாமா" என்று கேட்பதால் பெரிதாக எதுவும் குறையாது என்றால் அவர் கேட்டுவிடுவார்; கேட்டால் திட்டமே உடையும் என்றால் வாய் திறக்க மாட்டார். ஆகவே பாதையை வரைபடத்தில் குறிக்கும்போதே, யார் எப்போது பேச முடியும் என்பதையும் ஓரளவு தீர்மானித்துவிடுகிறோம். மற்ற எல்லா அளவுகோல்களுக்கும் மேலாக நான் இதை வைக்கிறேன்.

இரண்டாவது, தண்ணீரும் பனியும். உருகுநீர் ஓடைகளுக்கு ஓர் அன்றாட ஒழுங்கு உண்டு. இரவில் மேலே பனி இறுகுவதால், விடியற்காலையில் நீர் குறைந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலிலோ மாலையிலோ உச்சத்தைத் தொடும். பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கொண்ட ஆறுகளில் அந்த உச்சம் இருட்டிய பிறகும் வரலாம். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மாலை நான்கு மணிக்கு முழங்காலுக்கு மேல் ஏறி ஆளை இழுக்கும். இரவில் மழை பெய்தாலோ, மேலே உறையும் அளவுக்குக் குளிராவிட்டாலோ, இந்தக் காலைத் தணிவையும் நம்ப முடியாது.

பனியும் இப்படித்தான் வேளைக்கு வேளை மாறும். காலையில் இறுகிக் கிடந்து வழுக்கும். மதியத்துக்குப் பின் இளகி, அடிக்கு அடி கால் புதையும். வெயில் குறைவாகப் படும் சரிவுகளில் (வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியவை) எதிர்ப்பக்கம் முழுவதும் காய்ந்து பல வாரங்கள் ஆன பிறகும் பனி கிடக்கும். உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தில் 15 டிகிரி என்றால், அங்கிருந்து 2000 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயில் ஏறத்தாழ 2 டிகிரி. அடிவாரத்தில் பூத்திருக்கும் மரங்களைப் பார்த்து மேலே உள்ள பருவத்தைக் கணிக்கக் கூடாது.

மூன்றாவது, நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: கிடைமட்டத் தொலைவில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி 10 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்று மணி நேரம் போதும். ஆனால் இது நல்ல உடல்திறன் உள்ளவர், நல்ல பாதையில், ஓய்வின்றி நடப்பதற்கான கணக்கு. கனமான பை, சேறு, படம் எடுக்க நிற்பது, ஓடைக்கரையில் காலணி கழற்றி மாட்டுவது எல்லாம் சேர்ந்தால் ஐந்து, ஆறு மணி நேரம் என்றே நான் வைப்பேன். இளகிய பனி குறுக்கிட்டால் அந்தப் பகுதிக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அங்கே சில சமயம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. வட அரைக்கோளத்தில் வசந்தம் தொடங்கும் மார்ச் சம இரவு நாளில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதையொட்டிய வாரங்களில்தான் அது மிக வேகமாக நீள்கிறது. குழுவின் வேகம் என்பது மிக மெதுவாக நடப்பவரின் வேகம். சராசரி எடுப்பதில் பயனில்லை.

சுமையும் போக்குவரத்தும் மிச்சம் உள்ளவை. அவற்றை அந்தந்த வடிவத்தோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

## போன வழியே திரும்புவது

இதன் பெரிய பலம், திரும்பும் பாதை தெரிந்த பாதை என்பது. எங்கே சேறு, எங்கே வழி பிரிகிறது, எங்கே தண்ணீர் எடுக்கலாம் என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். எந்த இடத்திலும் நின்று, "இதுவே இன்றைய முகாம்" என்று சொல்லலாம். எட்டு கிலோமீட்டர் போக நினைத்து ஐந்தில் நின்றுவிட்டாலும் அது முழுமையான பயணம்தான். வாய் திறக்கத் தயங்கும் நண்பருக்கு இது பெரிய விடுதலை.

காட்சி திரும்ப வரும் என்ற குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏறும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கு இறங்கும்போது முன்னால் விரிகிறது, ஒளியும் வேறு.

உண்மையான மறைசெலவு வேறிடத்தில் இருக்கிறது. வழியில் ஓடை இருந்தால், அதை இரண்டு முறை கடக்க வேண்டும். முதல் நாள் காலையில் சுலபமாகக் கடந்து, அக்கரையில் முகாமிட்டு, மறுநாள் சாவகாசமாக எழுந்து, மதியத்துக்குப் பின் அதே ஓடைக்கு வந்து சேருபவர்கள் முதல் நாள் பார்த்த ஓடையை அங்கே பார்க்க மாட்டார்கள். வாகனம் அக்கரையில், நாம் இக்கரையில். தெரிந்த பாதை என்ற நம்பிக்கையே அங்கே எதிரியாகிறது. பாலமில்லாத ஓடை இருக்கும் பாதையில் அதைத் தாண்டாமல் இந்தப் பக்கமே முகாமிடுங்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், மறுநாள் விடியலில் முதல் வேலையாகத் திரும்பக் கடந்துவிடுங்கள். காலை உணவை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பருவத்தின் தொடக்கத்தில், மேலே பனி எவ்வளவு கிடக்கிறது என்று தெளிவாகத் தெரியாதபோது, நடக்கவும் ஆசை இருக்கும் குழுவுக்கு இதுவே சரி. பனி தென்படும் வரை போய், அங்கே திரும்பிவிடலாம்.

## வட்டமாகச் சுற்றி வருவது

கேட்டதும் எல்லோருக்கும் பிடிப்பது இதுதான். தொடங்கிய இடத்திலேயே முடியும். ஒரு வாகனம் போதும். அடிக்கு அடி புதுக் காட்சி. இதன் கவர்ச்சியில் எனக்கும் எந்த ஐயமும் இல்லை. ஆனால் வசந்தத்தில் அதிக எச்சரிக்கை வேண்டியதும் இந்த வடிவத்துக்குத்தான்.

வட்டத்தில் பாதியைத் தாண்டியதும், திரும்புவதைவிட முன்னே போவதுதான் குறுகிய வழி. அந்த மறுபாதியையோ இன்னும் யாரும் பார்க்கவில்லை. 18 கிலோமீட்டர் வட்டத்தில் 13ஆவது கிலோமீட்டரில் கடக்க முடியாத ஓடை எதிர்ப்படுகிறது என்று வையுங்கள். முன்னே மிச்சம் 5, பின்னே 13. களைத்த குழு அந்த இடத்தில் நிதானமாக முடிவெடுக்காது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்ற ஒற்றை வாக்கியம் எல்லோரையும் தண்ணீரில் இறக்கிவிடும். கலங்கி ஓடும் நீரிலும், அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்கும் நீரிலும் இறங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே இறங்குவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இதற்கு மாற்று உண்டு: எந்தத் திசையில் சுற்றுவது என்பதை யோசித்துத் தேர்வது. பலர் ஏற்றம் எந்தப் பக்கம் இலகு என்று மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, வட்டத்திலேயே சந்தேகத்துக்குரிய இடம் எது என்பதை. கணவாயில் பனி இருக்குமா என்பது சந்தேகமா, இல்லை ஓர் ஓடையா? அந்த இடம் பயணத்தின் முன்பாதியில் வருமாறு திசையை வைக்க வேண்டும். முடியவில்லை என்றால், வந்த தூரம் சிறிதாக இருக்கும்போதே திரும்பிவிடலாம். சந்தேகம் ஓடையைப் பற்றியது என்றால் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் நாள் மாலை ஓடையின் இந்தக் கரையில், நீர் பெருகினாலும் எட்டாத மேட்டில் முகாமிட்டு, நீர் குறைந்திருக்கும் விடியலில் கடப்பது. அப்போதும் கடக்க முடியாவிட்டால், ஒரு நாள் நடை திரும்ப வேண்டியிருக்கும். முழுப் பகல் கையில் இருப்பதால் அது முடியும்.

இன்னொரு மறைசெலவு, முதல் நாள் முகாமுக்கான இடம். வட்டத்தின் தூரம் மாறாதது என்பதால், முதல் நாள் குறைவாக நடந்தால் மறுநாள் அந்தக் கடன் சேர்ந்துகொள்ளும். மெதுவாக நடப்பவர் இரண்டாம் நாள் காலையில் எழும்போதே கடனோடு எழுகிறார்.

வட்டம் முழுவதும் பனிக்கோட்டுக்குக் கீழே இருந்து, பெரிய ஓடைகளில் பாலம் இருந்து, நண்பர்கள் அனைவரும் சுமையோடு நடந்து பழகியவர்களாக இருந்தால், இதைவிட நல்ல வடிவம் இல்லை. அந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் நான் வேறு வடிவத்துக்குப் போய்விடுவேன்.

## ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு

தொடக்க இடம் உயரத்திலும் முடிவிடம் தாழ்விலும் இருந்தால் ஏற்றம் குறைகிறது. முழங்கால்கள் தாங்கும் என்றால் இது நல்ல வரவு. ஒரு பள்ளத்தாக்கின் முழு நீளத்தையும் பார்த்த நிறைவும் கிடைக்கும்.

செலவு போக்குவரத்தில் இருக்கிறது. இரண்டு வாகனங்கள் வேண்டும், அல்லது பஸ் வேண்டும். பருவகாலப் பஸ்கள் கோடையில்தான் ஓடத் தொடங்கும் இடங்கள் உண்டு. உயரத்தில் உள்ள தொடக்க இடத்துக்குப் போகும் சாலை பனியாலோ சேற்றாலோ இன்னும் மூடிக் கிடக்கலாம். வாகனத்தை எங்கே நிறுத்துவது என்பதில் என் கருத்து உறுதியானது: முடிவிடத்தில் நிறுத்திவிட்டு, தொடக்க இடத்துக்கு வேறு வாகனத்தில் போங்கள். அப்போது நம் வாகனத்தை நோக்கியே நடக்கிறோம். இரண்டு மணி நேரம் தாமதமானாலும் யாரையும் காக்க வைக்க வேண்டியதில்லை. இதைத் தலைகீழாகச் செய்தால் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் ஓட்டம் தொடங்கிவிடும். ஓட்டமும் ஈரப் பாறையும் ஒன்றுக்கொன்று ஆகாது.

குழுவை இரண்டாகப் பிரித்து, இரு முனைகளிலிருந்தும் தொடங்கி, நடுவில் சந்தித்து வாகனச் சாவிகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. போக்குவரத்துச் சிக்கலை அது அழகாகத் தீர்க்கிறது. நண்பர்களோடு சேர்ந்து நடப்பதற்காகத்தான் போகிறோம் என்றால், அந்தத் தீர்வால் என்ன பயன்? தவிர, ஒரு குழு சந்திக்கும் முன்பே ஓடையில் தடைபட்டால், மற்றக் குழுவுக்கு மறுமுனையில் நிற்கும் வாகனத்தின் சாவி கிடைக்காது.

வசந்தத்தின் கடைசி வாரங்களிலும், பனி இல்லாத தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் மட்டும் இதை யோசிக்கலாம்.

## ஓரிடத்தில் முகாம், சுற்றி நடை

நான்கு, ஐந்து கிலோமீட்டர் உள்ளே நடந்து, மதியத்துக்குள் கூடாரம் அடித்துவிட்டு, மிச்சப் பகலிலும் மறுநாள் காலையிலும் சின்னப் பையோடு சுற்றிப் பார்ப்பது. மலையேற்றத்தில் அனுபவம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது உண்டு. அது நியாயமில்லை. திறன் கலந்த குழுவுக்கு வசந்தத்தில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் காணவில்லை.

முழுச் சுமை முதல் சில மணி நேரத்துக்கு மட்டும். வலுவானவர்கள் முகடு வரை ஏறிவிட்டு வரலாம். கால் வலிப்பவர் முகாமிலேயே ஓடையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். யாரும் யாருடைய பயணத்தையும் கெடுக்கவில்லை. வானம் இருண்டால் கூடாரம் பக்கத்திலேயே இருக்கிறது. வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே மழையும் காற்றும் சேர்ந்து உடல் வெப்பத்தைக் குலைத்துவிடும் என்பதால், வசந்தத்தில் இந்த அண்மை பெரிய காப்பு.

பொதுச் சாமான்களைப் பிரிப்பதிலும் இங்கே சிக்கல் குறைவு. மற்ற வடிவங்களில் கூடாரத்துணியை ஒருவரிடமும் கம்பிகளை இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டு, அந்த இருவரும் ஒரு மணி நேர இடைவெளியில் நடந்தால், மழை வரும்போது ஒருவரிடமும் கூடாரம் இல்லை. எந்த வடிவத்தில் போனாலும், ஒரு கூடாரத்தைப் பகிர்பவர்கள் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இதற்கும் செலவுகள் உண்டு. தூரம் குறைவு என்பதால் தேவையற்றதெல்லாம் பைக்குள் ஏறிவிடும். ஆளில்லாத கூடாரத்தைக் காற்று தூக்கிப்போகலாம், விலங்குகள் உணவைத் தேடி வரலாம். முளைகளை நன்றாக அடிப்பதும், அந்தப் பகுதி விதிகள் சொல்லும் முறையில் உணவைக் காப்பதும் கட்டாயம். உருகுநீரில் ஊறிய மண்ணும் இளம்புல்லும் மிதிபட்டால் எளிதில் மீளாது; ஆகவே ஏற்கெனவே முகாமுக்குப் பயன்பட்ட கெட்டித் தரையாக, நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கும் இடத்தைத் தேர்வு செய்யுங்கள். பள்ளத்தாக்கின் அடித்தளத்தையும் தவிர்க்கலாம். தெளிந்த இரவுகளில் குளிர்காற்று கீழே வழிந்து அங்கேதான் தேங்கும். சற்று மேலே உள்ள மேட்டில் இரவு கூடுதல் வெதுவெதுப்பாக இருக்கும்.

நடந்து தீர்க்கவே வந்தவர்களுக்கு மட்டும் இது போதாது. குழுவில் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் என்றால் அவர்களை இங்கே கட்டிப்போட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வடிவம் | திரும்பும் வசதி | ஓடை, பனி இடர் | முழுச் சுமையோடு நடை | போக்குவரத்து |
|---|---|---|---|---|
| போன வழியே | எங்கிருந்தும் முடியும் | தெரிந்த ஓடை. ஆனால் இரண்டு முறை | இரு நாளும் | ஒரு வாகனம் |
| வட்டம் | பாதிக்குப் பின் கடினம் | பார்க்காத மறுபாதி | இரு நாளும் | ஒரு வாகனம் |
| முனைக்கு முனை | பாதிக்குப் பின் கடினம். வாகனம் மறுமுனையில் | பார்க்காத மறுபாதி | இரு நாளும் | இரண்டு வாகனங்கள் அல்லது பஸ் |
| முகாம், சுற்றி நடை | மிக எளிது | நாமே அளவு வைக்கலாம் | சில மணி நேரம் மட்டும் | ஒரு வாகனம் |

## உங்கள் குழுவுக்கு எது

எல்லோரும் கூடிப் பேசும் இடத்தில் கேட்டால் உண்மையான விடை வராது. ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: சுமையோடு கடைசியாக எப்போது நடந்தீர்கள், முழங்கால் எப்படி, குளிரில் தூக்கம் வருமா? "எதுவானாலும் சரி" என்ற நண்பரின் விடை இங்கே மாறினால், அந்த விடையை வைத்துத் தேர்வு செய்யுங்கள். ஒருவராவது முதல்முறை வருகிறார் என்றால், முகாம் அடித்துச் சுற்றி நடப்பது. அனைவரும் பழகியவர்கள், ஆனால் பனி நிலவரம் தெரியவில்லை என்றால், போன வழியே திரும்புவது. பனியும் ஓடையும் கவலை இல்லை என்று அண்மையில் அங்கே போய்வந்தவர்களிடமிருந்தோ, அந்தப் பகுதியின் வனத்துறை அல்லது பூங்கா அலுவலகத்திலிருந்தோ உறுதியாகத் தெரிந்த பிறகு, வட்டம்.

எந்த வடிவமானாலும் திரும்பும் நேரத்தை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். "மதியம் இரண்டு மணிக்குள் கணவாயை எட்டாவிட்டால் திரும்புகிறோம்" என்பது போல, கடிகாரத்தைப் பார்த்து எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும். அப்போது திரும்பலாம் என்று சொல்லும் பொறுப்பு எந்த நண்பரின் தலையிலும் விழாது. அதோடு, யாராவது ஒருவர் போதும் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவது என்றும் உடன்பட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பாதையின் வரைபடம், முகாமிடம், திரும்பி வந்து அழைக்கும் நேரம், எத்தனை மணி வரை அழைப்பு வராவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். வட்டப் பாதை என்றால் எந்தத் திசையில் சுற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேடி வருபவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று முதலில் கேட்பார்கள்.